சுறாப்பல்லும் அது கிடந்த இடமும்

கடல்வாழ் உயிர்களுள் சுறாவைப் போலத் தன் பற்களை வாரி இறைப்பது பிறிதொன்று இல்லை எனலாம். மனிதனுக்குப் பாற்பல் ஒருமுறை விழும். அதன்பின் முளைத்த பல் போனால் போனதுதான். சுறாவின் தாடையிலோ முன்வரிசைப் பற்களுக்குப் பின்னே இளம்பற்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன. முன்னது உதிருந்தோறும் பின்னது நிமிர்ந்து அதன் இடத்திற்கு வருகின்றது. சில இனங்களில் ஒரு வரிசை மாறுதற்குச் சில வாரங்களே போதும். இவ்வாறு ஆயிரக்கணக்கான பற்களைக் கடற்றரைக்கு ஈந்துவிட்டே ஒரு சுறா மடிகின்றது. மடிந்த பின்னர் எஞ்சுவதும் பெரும்பாலும் பல்லே. சுறாவின் உள்ளுடற் கூடு எலும்பினால் ஆயதன்று. நம் செவிமடலில் உள்ளது போன்ற கசியிழையத்தால் ஆயது. அது விரைவிற் சிதைந்துபோகும். பல்லின் மேற்பூச்சோ அப்பதைற்று என்னும் கனிப்பொருள் வகையைச் சார்ந்தது. நம் நாட்டில் எப்பாவலையில் உரத்திற்காக வெட்டியெடுக்கப்படும் கல்லிலுள்ள கனிப்பொருளும் அவ்வகையினதே. ஆதலின் 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுறாக் குலத்தின் வரலாற்றிற் பெரும்பகுதி பல்லையும் தோற்செதிலையும் கொண்டே எழுதப்பட்டிருக்கின்றது.

விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் இலக்கணமோ இலக்கியமோ எழுதித் தருவான் என்று அன்பர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழாசிரியனுக்கும் மீன்பல்லுக்கும் யாது உறவு என வினவுவோர்க்கு ஒன்று சொல்வேன். ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்து நோக்கும் பழக்கமும், ஒரு பல்லை முடி, வேர், விளிம்பு எனப் பிரித்து நோக்கும் பழக்கமும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் அவசரக்காரனுக்கு இடமில்லை.

சுறாப்பல் உயிர்ச்சுவடு என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது உள்ளங்கையை நிறைக்கும் மெகலோடன் பல்லாகும். அதன் மிகப் பெரிய பற்கள் 17 சென்ரிமீற்றர் வரை நீண்டவை. அவற்றைப் பற்றிப் பேச உலகெங்கும் ஆட்கள் உளர். யான் இங்கு எடுத்துக்கொள்வது அரிசிமணியிலும் சிறிய, சில வேளைகளிற் கடுகளவே ஆன பற்களை. படையொன்றிற் கிடக்கும் சுறா இனங்களிற் பல இவற்றினாலேதான் வெளிப்படுகின்றன. கண்ணாற் கண்டதை மட்டும் பொறுக்குபவன் பெரிய சுறாக்களையே காண்பான். அக்கடலில் நிறைந்து வாழ்ந்த சிறு சுறாக்களும் திருக்கைகளும் அவனுக்குப் புலப்படமாட்டா.

இப்பற்கள் பற்கள்தாம் என்று உணர்தற்கே மனிதர்க்கு நெடுங்காலம் சென்றது. உரோமருட் பிளினி என்பார், மனித நாக்கைப் போன்ற இக்கற்கள் நிலத்தில் விளைவன அல்ல என்றும், சந்திரன் மறையுங்காலத்து வானிலிருந்து விழுவன என்றும் தம் காலத்தில் வழங்கிய கொள்கையை எழுதி வைத்தார். மோல்ற்றாத் தீவிலே இவற்றைப் பாம்பின் நாக்குகள் கல்லானவை எனக் கொண்டு நஞ்சு முறிக்கும் பொருளாக விற்றனர். 1666 ஆம் ஆண்டு இத்தாலியின் லிவோர்னோவுக்கு அண்மையிற் பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலை புளோரன்சு நகருக்கு அனுப்பப்பட்டது. அதனை அறுத்து ஆராய்ந்த தென்மார்க்கு நாட்டவரான ஸ்ரெனோ, அதன் பற்களையும் 'நாக்குக் கற்களை'யும் அருகருகே வைத்து நோக்கினார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், அக்கற்கள் முன்னொரு காலத்துச் சுறாக்களின் பற்களே என்பதற்கான நியாயங்களைக் காட்டினார். மலையிற் கிடக்கும் கல்லை விளக்கச் சந்தைக்கு வரும் மீனைப் பார்த்தார் என்பதே இதிற் கவனிக்கத்தக்கது. கல்முனையில் இருந்துகொண்டு இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர்க்கும் அதுவே வழி என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

தமிழ்நிலத்தில் இத்துறையைத் தொடக்கி வைத்தோரும் தொழில்முறை அறிஞர் அல்லர். சென்னை அரசாங்க சேவையிலிருந்த கேய், கன்லிவ் என்னும் இரு ஆங்கில அலுவலர்கள் 1840 களிற் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் ஓய்வு நேரத்திற் கற்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். அவற்றுட் புதுச்சேரிப் படைகளிலிருந்து கிடைத்த மீன் எச்சங்களை எகேட்டன் என்பார் 1845 இல் ஆராய்ந்து எழுதினார். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்து, பெரம்பலூரை அடுத்த காரைப் பகுதியின் கிரித்தேசியக் களிப்படைகளிலிருந்து எடுக்கப்பட்ட சுறாப்பற்களை, இந்தியரும் மேனாட்டவருமான ஆய்வாளர் ஐவர் 2011 இல் விரிவாக விளக்கினர். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமை உடைய அப்பற்களுட் புதிதாகப் பெயர் பெற்ற இனம் ஒன்று 'சுடிண்டிக்கஸ்' என்னும் அடைமொழியைத் தாங்குகின்றது. தென்னிந்தியத்திற்கு உரியது என்பது அதன் பொருள். இடத்தின் பெயரே இனத்தின் பெயராயிற்று. கேயும் கன்லிவும் எங்கே எடுத்தோம் என்பதை எழுதாது அனுப்பியிருப்பின் அவர்களின் திரட்டு ஒரு பெட்டிக் கற்களாகவே கிடந்திருக்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. அம்பாறைக் கரையின் அடியிற் கிடப்பதும் விஜயன் தொகுதி எனப்படும் அத்தகைய பாறையே. அது வெம்மையிலும் அமுக்கத்திலும் வெந்து உருமாறிய கல். அதனுள் பல்லும் இல்லை, சிப்பியும் இல்லை. அதன்மேற் பரந்து கிடப்பவை ஆறுகள் கொணர்ந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலுமாம். எனவே மருதமுனை முதல் நிந்தவூர், ஒலுவில் வரை மணலை எவ்வளவு சல்லடையிட்டாலும் பண்டைச் சுறாவின் பல் கிடைக்கும் என்று எதிர்பார்த்தற்கு நியாயம் இல்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. மாணவர் சிலர் கடற்கரையிற் கறுத்த பல் ஒன்றைக் கண்டு கோடியாண்டுப் பழமை என மகிழ்ந்து கொண்டுவருவதுண்டு. பல்லின் நிறம் அதன் வயதைக் காட்டாது. அது புதைந்து கிடந்த சேற்றிலோ மண்ணிலோ உள்ள இரும்பு முதலிய பொருள்களையே காட்டும். வெளிறிய மஞ்சள் நிறத்துப் பழம்பல்லும் உண்டு. கறுத்த புதுப்பல்லும் உண்டு. அன்றியும் 2004 மார்கழி 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையின் மணலை எங்ஙனம் புரட்டிப் போட்டது என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய மணலின் மேற் கிடக்கும் பல் எப்படையிலிருந்து வந்தது எனச் சான்று கூற ஒருவராலும் இயலாது.

உயிர்ச்சுவடு கிடக்கும் இலங்கைப் பாறை மயோசின் காலத்துச் சுண்ணக்கல்லும் அதனோடு சேர்ந்த மணல், களிப் படைகளும் ஆகும். அக்காலம் இற்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகள் முன் தொடங்கியது. யாழ்ப்பாணத்தார் கிணறு வெட்டும்போது உடைப்பதும், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை அரைத்ததும் அக்கல்லே. அது வடமேற்குக் கரை வழியே புத்தளத்தை அடுத்த அறுவாக்காடு வரை செல்கின்றது. இவற்றினின்றும் தனித்து, தென்கிழக்குக் கரையில், யால வனத்தினுள்ளே மினிஹாகல்கந்த என்னும் இடத்தில் ஒரு துண்டு எஞ்சி நிற்கின்றது. நமக்கு மிக அண்மையில் உள்ள மயோசின் படை அதுவே. அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை, கூமுனை எனத் தெற்கு நோக்கிச் சென்று கும்புக்கன் ஆற்றைக் கடந்தால் அவ்வனத்தை அடையலாம். ஆடி மாதக் கதிர்காம யாத்திரைக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் ஆற்றைக் கடந்து போவதும் அவ்வனத்தின் ஊடேதான். பழைய மாணவருள் அவ்வழி நடந்தோர் பலர் இருப்பர். பழங்கடல் ஒன்றின் கரையை அடுத்துச் சென்றதை அவர்களுட் சிலரே அறிந்திருப்பர்.

இலங்கையின் மயோசின் படைகளைப் பற்றி வேலண்டு, மோர்லி டேவிசு என்னும் இருவரும் 1923 இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் இதழில் எழுதினர். பின்னர் அவற்றின் முள்ளந்தண்டு விலங்குகளை ஆராய்ந்தவர் போல் தெரணியகல. 1939 முதல் 1963 வரை நூதனசாலைகளின் அதிபராக இருந்த அவர், ஓய்வு பெற்ற பின்னரும் அம்முயற்சியைக் கைவிட்டிலர். 1969 இல் 'ஸ்போலியா சேலனிக்கா' இதழில் 'மாலு' எனத் தாம் பெயரிட்ட படையின் விலங்குகளை விளக்கினார். மாலு என்பது சிங்களத்தில் மீனைக் குறிக்கும் சொல்.

அங்கே சென்று நாமும் ஒரு கைப்பிடி மண் அள்ளி வரலாமே என்று எண்ணுவோர்க்கு இங்கேயே தடை சொல்ல வேண்டியிருக்கின்றது. யால தேசிய வனம். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அங்கு நடைமுறையில் உள்ளது. உத்தரவின்றி அங்கிருந்து எதனையும் எடுத்தல் குற்றம். சட்டத்திற்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. அப்படை சிறியது; மழையும் அலையும் அதனை ஆண்டுதோறும் கரைக்கின்றன. யாத்திரிகரும் சுற்றுலாப் பயணிகளும் ஆளுக்கொரு கல்லாக எடுப்பின், எஞ்சியிருப்பதும் வீட்டுக் கண்ணாடிப் பேழைகளிற் பெயரின்றிக் கிடக்கும். கிணறு வெட்டும் இடத்திலோ கல்லுடைக்கும் இடத்திலோ, நிலத்துக்குரியவரின் இசைவோடு வெளிப்படும் கல்லே நம்போன்றோர்க்கு உரியது. அங்கும் புதுமையான பொருள் கண்டால் கொழும்பு நூதனசாலைக்கோ புவிச்சரிதவியல் அளவைப் பணியகத்திற்கோ அறிவித்தல் கடன்.

அங்ஙனமாயின் கல்முனையில் இருப்பவன் யாது செய்வது? ஸ்ரெனோ செய்ததைச் செய்வது. பழம்பல்லை அறிய வேண்டுவோன் முதலில் இன்றைய பல்லை அறிய வேண்டும். அதற்கு நம் கரையைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் விடியற்காலையிற் படகுகள் கரையேறும்போது பால்சுறா, கொம்பன்சுறா, திருக்கை முதலியன வந்து குவிகின்றன. பால்சுறாவை வறையாக்கிப் பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுத்தல் இரு சமூகத்தார் வீட்டிலும் வழக்கம். தலையை வாங்குவார் இல்லை. “தலய நாங்க சும்மா தாறம் சேர், இந்தப் பல்ல வெச்சி என்ன செய்யப் போறீங்க?” என்று மீன்விற்கும் காக்காமார் கேட்பர். கேட்டுக்கொண்டே நல்ல தலையாகத் தெரிந்து கடதாசியிற் சுற்றித் தருவர்.

தாடையை அறுத்தெடுத்து, கொதிநீரிற் சிறிது நேரமே வைத்து, சதையை மெல்ல உரித்தல் வேண்டும். நெடுநேரம் அவித்தாற் கசியிழையம் கரைந்து பற்கள் எல்லாம் கலந்துவிடும். கலந்த பின் அவற்றின் வரிசை தெரியாது. வரிசையே நாம் தேடுவது. ஒரு பக்கத்துப் பற்களை நடுவிலிருந்து கடைவாய் வரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கறுப்பு அட்டையொன்றில், மேற்றாடைக்கு ஒரு வரியும் கீழ்த்தாடைக்கு ஒரு வரியுமாக ஒட்டிவைக்க வேண்டும். அவ்வட்டை ஒன்று பத்து நூல்களுக்குச் சமம்.

பல்லை எங்ஙனம் பார்ப்பது என்பதைச் சொல்வேன். முதலில் முடியையும் வேரையும் பிரித்தறிக. முடி பளபளப்பானது, வேர் மங்கியது, நுண்டுளைகள் உடையது. அடுத்துப் புறம் அறிக. உதட்டை நோக்கிய புறம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். நாக்கை நோக்கிய புறம் குவிந்து புடைத்திருக்கும். வேரில் குருதிக்குழாய் புகும் பள்ளமோ துளையோ நாக்குப் புறத்திற் காணப்படும். பின்னர் முடியின் சாய்வை நோக்குக. நடுப்பல் நிமிர்ந்து நிற்கும். ஓரப்பல் வாயின் மூலையை நோக்கிச் சாயும். இதன்பின்னரே விளிம்புக்கு வருதல் வேண்டும். விளிம்பு மழுமழுப்பானதா, வாளின் பல்போல அரிந்ததா, அரிவு நுனி வரை செல்கின்றதா, முடியின் அடியிற் பக்கத்துக்கொன்றாகச் சிறு கூர்கள் உண்டா என்று பார்க்க. பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை ஒன்று இதற்குப் போதும். நுணுக்குக்காட்டி இருப்பின் நன்று. இல்லாமை ஒரு குறையன்று.

எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒரே சுறாவின் வாயில் எல்லாப் பல்லும் ஒரே வடிவின அல்ல. கார்க்கரைனஸ் என்னும் பெருங்குலத்தைச் சேர்ந்த சுறாக்களிற் பலவற்றின் மேற்பல் அகன்று முக்கோணமாய், அரிந்த விளிம்போடு விளங்கும். கீழ்ப்பல்லோ ஒடுங்கி ஊசிபோல் நிமிர்ந்திருக்கும். கீழ்ப்பல் குத்திப் பிடிக்கும், மேற்பல் அறுக்கும். நாம் உண்ணும்போது முள்ளுக்கரண்டியும் கத்தியும் செய்யும் வேலையை அவை பகிர்ந்துகொள்கின்றன. இரண்டையும் தனித்தனியே மண்ணிற் கண்டெடுத்தவன் இரு வேறு மீன்கள் என்றே துணிவான். பண்டைய அறிஞரும் அவ்வாறு துணிந்து ஒரு மீனுக்குப் பல பெயர் இட்டதுண்டு.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஹெமிபிறிஸ்ரிஸ் என்னும் சுறா. அதன் மேற்பல் அகன்று, விளிம்பிற் பெரிய பெரிய அரிவுகளோடு, நுனியை அடையுமுன் அரிவு நின்றுபோய் விளங்கும். கிரேக்கத்தில் 'அரைவாள்' எனப் பொருள்படும் பெயரை அதற்கு அகாசி என்னும் சுவிற்சலாந்து அறிஞர் 1835 இல் இட்டார். தச்சர் கைவாளின் நுனியில் நான்கு விரலளவு பல் வைக்காது விட்டாற்போல் இருக்கும் என்று எண்ணிக்கொள்க. கீழ்த்தாடையின் முன்பல்லோ கொக்கிபோல் வளைந்து, மணற்சுறாவின் பல்லை ஒத்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய அடியை நோக்குதல் வேண்டும். மணற்சுறாவின் முடிக்கு இரு பக்கத்தும் ஊசிபோன்ற தனிக்கூர்கள் நிற்கும். ஹெமிபிறிஸ்ரிசின் கீழ்ப்பல்லில் அடியை ஒட்டி மிகச் சிறிய பற்களே இருக்கும். வேரின் நாக்குப்புறம் முழங்கால்போற் புடைத்து நிற்கும். அகாசி கல்லிற் கண்டு பெயரிட்ட இக்குலம் அற்றுப்போனதன்று. செங்கடலில் வாழும் இனம் ஒன்றை 1871 இல் கிளன்சிங்கர் என்பார் விளக்கினார். அவரும் முதலில் அதற்கு வேறொரு குலப்பெயரையே இட்டார். இந்து சமுத்திரத்தில் அவ்வினம் இன்றும் உண்டு. ஒடிசாவில் பாரிபடாவின் மயோசின் படைகளிற் கிடைக்கும் பற்களுள் இக்குலத்தினவும் உள. கல்லிலிருந்தும் கடலிலிருந்தும் இருவேறு பெயரோடு வந்தவை பின்னர் ஒரு பெயரின்கீழ் அடங்கின.

புலிச்சுறாவின் பல்லை ஒருமுறை கண்டவர் மறவார். சேவற்கொண்டைபோல ஒருபுறம் சாய்ந்து, சாய்ந்த பக்கத்தில் ஆழ்ந்த வெட்டொன்று உடையது. இன்றைய இனத்தின் பெரிய அரிவுகளைக் கைவில்லையின்கீழ் நோக்கினால் அவற்றின்மேலும் நுண்ணிய அரிவுகள் தெரியும். சிறுபற்களுள் நமக்கு மிகுதியும் எதிர்ப்படுவது பால்சுறாவினது. சில மில்லிமீற்றர் அளவே ஆகும், நன்கு சாய்ந்திருக்கும், பின்புறத்திற் குதிபோன்ற தாழ்ந்த பகுதி உண்டு. இளங்கொம்பன்சுறாவின் பல்லும் அதனை ஒத்ததே. முழுத்தாடை கையில் இருக்கும்போதே இவ்விரண்டையும் பிரிப்பது எளிதன்று எனின், வேர் தேய்ந்த தனிப்பல் ஒன்றைப் பற்றி என் சொல்வது!

திருக்கையின் பற்கள் சுறாப்பல் போல இரா. அவை அறுப்பன அல்ல, அரைப்பன. சிலவகைத் திருக்கையின் வாய் தளமிட்ட கற்கள்போல நீண்ட பட்டைகளால் நிரம்பியிருக்கும். அவை நண்டையும் சிப்பியையும் நொறுக்கும். சாட்டைவாற் பெருந்திருக்கைகளின் பல்லோ ஒரு மில்லிமீற்றரோ இரண்டோ ஆகும். வேர் இரு கால்போற் பிரிந்திருக்கும். அமெரிக்கக் கரையில் வாழும் ஒருவகைத் திருக்கையில், இணைசேருங் காலத்தில் மாத்திரம் ஆணின் தட்டைப் பற்கள் உதிர்ந்து கூரிய பற்கள் முளைக்கின்றன என 1996 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பெண்ணைக் கவ்விப் பிடித்தற்கு அவை உதவுமாம். பருவம் மாறினாலே பல் மாறும் எனின், வடிவு வேறுபட்ட இரு பற்களைக் கண்டவுடன் இரண்டு இனம் என்று சொல்லிவிட முடியாது.

வேளாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது சுறாவைப் போன்ற உடலும் வாள்போன்ற மூக்கும் உடையது. இனத்தால் திருக்கையோடு சேர்ந்தது. அதன் வாளில் இரு பக்கமும் நிற்பவை உண்மையிற் பற்கள் அல்ல. உடலிலுள்ள தோற்செதில்களே அங்குப் பெருத்து நிற்கின்றன. உண்மைப் பற்கள் வாய்க்குள் மிகச் சிறியனவாய் உள்ளன. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறவின் கோட்டை நட்டுத் தெய்வமாக வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறும். சுறாவுக்குக் கோடு ஏது என மாணவர் வினவுவர். அக்கோடு வேளாவின் வாளே என்பது என் கருத்து. தமிழில் மகர இராசியைச் சுறவம் என வழங்குவதும் இங்கு நினைக்கத்தக்கது.

மண்ணிலிருந்து சிறுபற்களைப் பிரித்தெடுக்கும் முறை சமையலறையிற் பழகியதே. களிமண்ணை முதலில் வெயிலிற் கல்லாக உலர்த்துக. உலர்ந்த களி நீரிற் பட்டவுடன் தானே பிளந்து கரையும். ஈரக்களி ஒருபோதும் கரையாது. அதனை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த இரண்டு அரிதட்டுகளில் இட்டு நீருக்குள் மெல்ல ஆட்டுக. மேலதன் கண் ஒரு மில்லிமீற்றரும் கீழதன் கண் அரை மில்லிமீற்றரும் ஆக இருத்தல் நன்று. அத்தகைய கம்பிவலை கிடையாவிடத்து, மருதமுனைத் தறியில் நெய்த ஐதான துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி யான் பயன்படுத்துவதுண்டு. கையாற் பிசைதல் கூடாது, வேர்கள் முறியும். எஞ்சியதை உலர்த்தி, கறுப்புக் கடதாசியிற் சிறிது சிறிதாகப் பரப்பி, நனைத்த மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இஃது ஓரிரவில் முடியும் வேலையன்று. ஒரு கரண்டி மண்ணுக்கு ஒரு மணி நேரம் செல்லும்.

சுண்ணக்கல்லாயின் அமிலம் வேண்டும். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஐதரோக்குளோரிக்கமிலம் இருக்கின்றதே என்று அதனை ஊற்றுவோர் உளர். அது சுண்ணத்தையும் கரைக்கும், பல்லையும் கரைக்கும். வீட்டு வினாகிரியே போதும். அதனையும் நீர் விட்டு ஐதாக்கிக் கொள்க. முன்பு பயன்படுத்தி ஓய்ந்த வினாகிரியிற் சிறிது கலந்தால் பல்லுக்குத் தீங்கு குறையும். நாட்கணக்கில் ஆகும். முடிவிற் பலமுறை நல்ல நீரில் ஊறவிட்டுக் கழுவுதல் வேண்டும்.

எடுத்ததெல்லாம் சுறாப்பல் ஆகாது. நண்டுக்காலின் நுனி, மீனின் முள், பேத்தையின் தாடைத்துண்டு, ஏனைய மீன்களின் கூம்புப் பற்கள் என்பனவும் கூடவே வரும். எலும்பு மீனின் பல் பெரும்பாலும் வேரின்றி, அடியிற் குழிந்திருக்கும். கறுத்துப் பளபளக்கும் மணி ஒன்று பல்லாகாமல் இல்மனைற்று மணலாகவும் இருக்கலாம். புல்மோட்டைக் கரையை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்த பின்னரே பெயர். இங்குதான் பொழுதுபோக்காளரும் அறிஞரும் பிரிகின்றனர் என்று பலர் கருதுவர். யான் அவ்வாறு கருதவில்லை. தேர்ந்த அறிஞரே பல பற்களைக் குலத்தின் பெயரோடு நிறுத்திவிடுகின்றனர். 'இன்ன இனத்தோடு ஒப்பிடத்தக்கது' என்று மாத்திரம் குறிப்பதும் அவர்களிடத்து உண்டு. முழுப்பெயர் இட வேண்டும் என்னும் ஆசை நம்மவர்க்கே மிகுதி. 'கார்க்கரைனஸ் குலம், மேல் ஓரப்பல்' என்று எழுதி நிறுத்துவது குறைவேலை அன்று. தவறான முழுப்பெயரைத் திருத்தப் பின்வருபவர் முதலில் அது தவறு என்று அறிய வேண்டும். நிறுத்திய இடத்திலிருந்து தொடர அவருக்குப் பல் ஒன்றே போதும். ஆனால் இடம் எழுதப்படாத பல்லை எந்த அறிஞராலும் மீட்க இயலாது. பெயரைப் பல்லை நோக்கிப் பிறகும் கண்டுகொள்ளலாம்; இடம் பல்லில் எழுதியிருப்பதில்லை. பழைய வீடுகளில் அலுமாரியொன்றைத் திறந்தால், பாட்டனார் திரட்டிய சங்கும் பல்லும் கல்லும் ஒரே பெட்டியிற் கிடப்பதைக் காணலாம். எங்கே கிடைத்தவை எனச் சொல்ல இன்று ஒருவரும் இல்லை.

இன்றைய மீனின் தாடைக்கும் இவ்விதியே பொருந்தும். அதற்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்துள்ளது. வேளா இன்று உலகெங்கும் அழிவின் விளிம்பில் நிற்கின்றது. இலங்கை மீனவரிடையே விசாரித்து 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, முதியோர் கண்டு பழகிய வேளாவை இளையோர் பெரும்பாலும் கண்டதில்லை என்று கூறுகின்றது. வால் சாட்டைபோல் நீண்ட சுறாவகையைப் பிடித்தல் 2012 முதல் நம் நாட்டிற் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. நம் கரையில் முன்னர் யாவை வந்தன, எவ்வளவிற் பெரியன வந்தன என்பதற்குச் சான்று தேடின் கிடைப்பது அரிது. கரைவலை இழுத்தோரின் நினைவு உண்டு. அவரோடு அதுவும் போகும். இந்து, இசுலாமிய மாணவர் இருதிறத்தாரும் தத்தம் கரையில் வந்திறங்கும், பிடித்தற்குத் தடையில்லாத மீன்களின் தாடையை அட்டையில் ஒட்டி ஆண்டெழுதி வைப்பின், ஐம்பது ஆண்டுகளின் பின் அவ்வட்டைகளைத் தேடி ஆய்வாளர் வருதல் கூடும். கரைவலை வாடிகளில் யாரேனும் பழைய வேளா வாளொன்றை முகட்டிற் செருகி வைத்திருப்பின் அதனை வாங்கவோ விற்கவோ வேண்டாம். யார் பிடித்தது, எக்கரையில், எவ்வாண்டில் என்று கேட்டு எழுதி, அளவெடுத்து, படம் பிடித்துக் கொண்டாற் போதும்.

எழுதுவதற்கு மை பரவாத கடதாசியும் கரிக்கோலும் போதும். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும். தீப்பெட்டியுட் பஞ்சு இட்டுப் பல்லை வைத்து, உள்ளே ஒரு துண்டும் மூடியின்மேல் ஒரு துண்டும் வைத்தல் வேண்டும். மூடி மாறிப்போவது வழக்கம். என்னிடமுள்ள துண்டுகளில் ஒன்று இவ்வாறு அமைந்துள்ளது: பால்சுறா. கீழ்த்தாடை, இடப்பக்கம், நடுவிலிருந்து நான்காம் பல். சாய்ந்தமருதுக் கரையில் இறங்கிய மீன். அதன்கீழ் நாள், மாதம், ஆண்டு, மீனின் நீளம், மீனைத் தந்தவர் பிடித்த இடமாகச் சொன்ன கடற்பகுதி. கல்லிலிருந்து எடுத்த பல்லாயின் ஊர், நிலத்துக்குரியவர் இசைவு, தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், கல்லின் நிறம், மேலும் கீழும் உள்ள படை என்பனவும் சேரும். பெயருக்கு உரிய வரியைக் கடைசியில் வெறுமையாக விட்டு வைக்கலாம்.